‘வரம்புக்குள்’ என்று எழுதிக் கொடுத்தது

“தண்ணி நல்லாயிருக்கா தம்பி?” என்றுதான், ஓடைத் தண்ணீரைச் சோதிக்கப் போன என்னிடம் அந்தக் கரையில் பயிர் வைத்திருக்கும் அம்மா கேட்டார். “வரம்புக்குள்ளதான் இருக்கும்மா” என்றேன். பொய் இல்லை. யூரியா போன்ற உரத்திலிருந்து தண்ணீரில் இறங்கும் நைட்ரேட், குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம். நீலகிரியில் கேத்திப் பக்கத்து அந்த ஓடையில் அதற்கு வெகு கீழேதான் இருந்தது. தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

ஆனால் 45 என்பது மனிதர் குடிப்பதற்கான கணக்கு. கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாரித்துவிடக் கூடாது என்று வைத்த எல்லை. ஓடையில் பாசி பிடிக்க அதில் சிறு பங்கே போதும். உரத்துப் பாஸ்பரஸிலிருந்து வரும் பாஸ்பேட்டுக்கோ குடிநீர்த் தரத்தில் எல்லையே கிடையாது, அதனால் எங்கள் படிவத்தில் கட்டமும் கிடையாது. நன்னீரில் பாசியைப் பெருக்கிவிடுவது பெரும்பாலும் அதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் கேட்டது குடிக்கிற தண்ணீரைப் பற்றி, நான் அதற்குத்தான் பதில் சொன்னேன் என்று பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் குடிப்பதைப் பற்றித்தான் கேட்டாரா என்று நான் கேட்கவில்லையே.

இன்னொன்றும் உறுத்துகிறது. மழை விட்டு நாலு நாள் கழித்து, தெளிந்து ஓடும்போது பாட்டிலை நிரப்பினேன். மலைச் செம்மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பயிருக்குக் கிடைப்பது கொஞ்சம், அதனால் இன்னொரு மூட்டை காம்ப்ளக்ஸ் உரம், அதன்மேல் கோழி எரு. பெருமழையில் மண் கரையும்போது எல்லாம் மண்ணோடு சேர்ந்தே இறங்கும். கேரட் கழுவுகிற இடத்துக்குக் கீழே நின்று பார்த்தால் தெரியும், தண்ணீர் டீ நிறத்தில் போகும். அந்த நேரத்தில் நான் பாட்டிலோடு போனதே இல்லை. மழையில் ஜீப் ஏறாது என்பது காரணம். உண்மையான காரணமும்தான்.

அடுத்த பருவத்தில் வேறு வேலையாக அங்கே போனேன். ஓடையோரம் ஆறடி அகலம் உழாமல் புல்லுக்கு விடுங்கள், பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள், யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள் என்று சொன்னேன். அந்த அம்மா உள்ளே போய், பட்டாவோடு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த என் தாளை எடுத்து வந்தார்.

“நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?”

கோபமில்லை, நிஜமாகவே குழம்பியிருந்தார். “குறுக்கே போட்டா தண்ணி நின்னு கிழங்கு அழுகும். ஆறடிக்கு யாரு காசு தருவா?” என்றும் கேட்டார். இரண்டுமே நியாயம். குறுக்குப் பாத்தியையும் லேசான சாய்வோடு போட்டால் தண்ணீர் வடியும் என்றேன். ஆறடிக்கு மட்டும் பதில் இல்லை. மாட்டுக்குப் புல்லாகுமே என்றேன். அவரிடம் மாடு இல்லை.

அன்றே “வரம்புக்குள்தான், ஆனால்...” என்று இழுத்திருந்தால் கேட்டிருப்பாரா? தெரியவில்லை. பயந்துபோய் ஓடைத் தண்ணீரை விட்டுவிட்டு, காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கியிருக்கலாம். அதற்கும் நான்தான் பொறுப்பாகியிருப்பேன். ஒரு சமயம், சொல்லாததே சரி என்றுகூடத் தோன்றுகிறது. அப்புறம் அந்த பிளாஸ்டிக் உறை ஞாபகம் வரும்.

படிவத்தின் அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு, அரை விரல் உயரம். இப்போதெல்லாம் அதில் “மழை இல்லாத நாளில் எடுத்தது, பாஸ்பேட் பார்க்கப்படவில்லை” என்று பொடி எழுத்தில் எழுதுகிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.