அளந்ததிலிருந்து ஒரு பிடி

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக்காலமான லெந்து தொடங்கினால் எங்கள் ஜெபக்குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: இந்த வருஷம் எதை விடப் போகிறீர்கள்? ஒருவர் மீன் என்பார், ஒருவர் சீரியல், இன்னொருவர் காப்பி. நல்லதுதான். எனக்கு அதற்கு அடுத்த கேள்விதான் பெரிதாகப் படுகிறது. விட்டது யார் கைக்குப் போகிறது? மீன் வாங்காத காசு பர்ஸிலேயே கிடந்து ஈஸ்டர் அன்று கறியாக இலைக்கு வந்தால், நாற்பது நாளும் நாம் செய்தது தள்ளிப்போட்டது மட்டும்தான்.

எனக்கு இதைப் பழக்கியது ஆச்சியின் பிடியரிசி. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனியாகப் போட்டு வைத்து, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொடுப்பது. ஆச்சி உழக்கால் அளந்த அரிசியைச் சுளகில் கொட்டுவாள், கல் பொறுக்குவாள், அப்புறம்தான் பிடி எடுத்துப் பழைய டால்டா டின்னில் போடுவாள். மூட்டையிலிருந்தே எடுத்துப் போட்டால் என்ன ஆச்சி என்று கேட்டால், "ஏட்டி, மூட்டையில எடுத்தா யாருக்குக் குறையும்? அளந்ததுல இருந்து எடு" என்பாள். எடுத்த பிடிக்குப் பதிலாக வேறு அரிசி சேர்க்க மாட்டாள். அன்றைக்கு வீட்டில் அவ்வளவு சோறு குறைவு. அந்தக் குறைவு பெரும்பாலும் அவள் தட்டில்தான் விழும்.

1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் ஜனங்களின் காணிக்கையிலேயே ஊழியம் நடக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா 1912ல் அந்தத் தெலுங்கு நாட்டிலேயே தோர்ணக்கல் பேராயரானார். அங்கே கூலி வேலை செய்த ஏழைப் பெண்களும் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். மிஞ்சியதைக் கொடுப்போம் என்று அந்தப் பெண்கள் காத்திருந்தால் ஒரு நாளும் கொடுத்திருக்க முடியாது.

இன்று எளிமை என்று யூடியூபில் காட்டுகிற வெள்ளைச் சுவரும் காலி அலமாரியும் என் மனதில் ஒட்டவில்லை. பழையதைத் தூக்கிப்போட்டு வீட்டை அழகாக்குவதில் அயலானுக்கு இடமே இல்லை. யோவான் ஸ்நானகன் சொன்னது வேறு: "இரண்டு அங்கிகளையுடையவன் இல்லாதவனுக்குக் கொடுக்கக்கடவன்." இரண்டு உள்ளவனிடம்தான் அதைச் சொன்னார் என்பதையும் கவனிக்க வேண்டும். வாடகைக்கே திண்டாடுகிற வீட்டில் போய், போதுமென்ற மனதோடு இருங்கள் என்று பிரசங்கம் செய்வதை என்னால் ஏற்க முடியாது.

என் வீட்டில் இதை இப்படித்தான் கடைப்பிடிக்கிறேன். கிறிஸ்மஸ் சேலைக்கு இவ்வளவு என்று முதலில் தொகையை எடுத்து வைப்பேன். கடைக்குப் போகுமுன் அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து, கவரில் போட்டு ஒட்டிவிடுவேன். மீதிக்கு என்ன சேலை கிடைக்கிறதோ அதுதான். ஜவுளிக்கடையில் பெட்டி பெட்டியாக விரித்துப் போடும்போது கை தானாகப் பட்டுப் பக்கம் போகும். அந்த இழுப்பை உணர்வதே எனக்கு ஒரு ஜெபம் மாதிரி. ஆண்டவரே, இது இல்லாமலும் நான் உம்முடைய பிள்ளைதான் என்று சொல்லிக்கொள்வேன். கவர் யாருக்குப் போகிறது என்பதை வீட்டிலும் சொல்வதில்லை. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று இயேசு சொன்னாரே.

பேச்சிலும் இப்படிக் குறைத்துக்கொள்வது உண்டு. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற வசனம் சேலையைவிடக் கஷ்டமானது. விலையைக் கூட்டிச் சொல்லாமல், பிள்ளையின் மார்க்கைச் சுற்றி வளைத்துப் பெருமை பேசாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று பாருங்கள். பைபிளில் நீதிமொழிகள் 30ல் ஆகூர் என்பவர், "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று கேட்பதற்கு முன்னால், மாயையையும் பொய்வசனிப்பையும் தூரப்படுத்தும் என்றுதான் கேட்கிறார்.

வருகிற மே மாதம் மகளுக்குக் கல்யாணம். இன்னும் கோயிலில் ஓலை வாசிக்கவில்லை, அதாவது கல்யாண அறிவிப்பு சொல்லவில்லை, அதற்குள் சாயங்கால வரவேற்பு எந்த மண்டபம் என்று சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கோயிலில் ஆராதனை, மதியம் ஒரு சாப்பாடு, அத்தோடு சரி என்று மகளும் மாப்பிள்ளையும் நாங்களும் பேசி முடித்துவிட்டோம். வரவேற்புக்கென்று எடுத்து வைத்திருந்த தொகையில் இரண்டு பிள்ளைகளுக்கு நர்சிங் படிப்பின் முதல் வருஷக் கட்டணம் கட்டலாம். பெரியத்தானுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. அடுத்த வாரம் நேரில் போய் உட்கார்ந்து பேச வேண்டும்.