பனிக்காலத்துச் சாதகம்

பனி இறங்கத் தொடங்கிவிட்டால் என் காலைப் பாட்டு வகுப்பின் முதல் கால் மணி நேரம் வேறு மாதிரி ஆகிவிடும். மற்ற மாதங்களில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், எடுத்துவிடுவோம். பனிக்காலத்தில் அது சரிப்படாது. இப்போதுதான் தூங்கி எழுந்த குரல், குளிர்ந்த காற்று, பாதி அடைத்த மூக்கு. இவற்றோடு தார ஷட்ஜத்துக்கு, அதாவது மேல் 'ஸ'வுக்குப் போகச் சொன்னால் பிள்ளைகள் தொண்டையை இறுக்கித்தான் போவார்கள். கொஞ்ச நாள் தொடர்ந்தால் அந்த இறுக்கமே குரலில் படிந்துவிடும். பிறகு அதை எடுப்பது பெரிய வேலை. அதனால் இந்த மாதங்களில் மத்திய ஷட்ஜத்தில் (நடு 'ஸ') நின்று, அங்கிருந்து மந்திர பஞ்சமம் (கீழ் 'ப') வரை மெதுவாக இறங்கி ஏறுவதுதான் எங்கள் தொடக்கம். 'ஆ' என்று நீட்டும் அகாரத்தில், ஒரு மூச்சுக்கு ஒரு ஸ்வரம். இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போனாலும் எனக்கு வருத்தமில்லை.

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "தினமும் எவ்வளவு நேரம் பாடணும் டீச்சர்?" என்பது. அரை மணி, ஒரு மணி என்று ஒரு கணக்கைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. எனக்கோ அந்தக் கணக்கில் நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. வருடம் முழுக்க ஒரே அளவில் சாதகம், அதாவது பாட்டுப் பயிற்சி, செய்கிற பிள்ளையைப் பார்ப்பது அபூர்வம். பரீட்சை வரும், ஜலதோஷம் வரும், விடுமுறை வரும், வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள். ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்ட பிள்ளை, அந்த ஒரு மணி கிடைக்காத நாளில் மொத்தமாக விட்டுவிடுகிறது. பின்னணியில் ஒலிக்கும் சுருதியைப் போட்டு ஷட்ஜத்தில் சேர்ந்து நிற்பதை மட்டும் விடாத பிள்ளை, எத்தனை இடையூறு வந்தாலும் பாட்டோடு இருக்கிறது. ஆகவே நான் மாற்றாமல் வைத்திருப்பது அந்த முதல் செயலை மட்டும்தான். நேரம், அளவு, பாடம், பாடும் வேகம் எல்லாம் பருவத்துக்குத் தக்கபடி மாறட்டும்.

அந்த ஒரு ஷட்ஜத்தில் என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நிறையக் கிடைக்கும். 5 கட்டை சுருதியில் (கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கான அளவு) மத்திய ஷட்ஜத்தைப் பிடிக்கும்போது குரல் நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 196 முறை அதிர்கின்றன. கொஞ்சம் விலகினாலும் தம்புராவின் நாதத்தோடு உரசி ஒரு அலைவு கேட்கும். சேர்ந்துவிட்டால் அந்த அலைவு நின்று, குரல் எது, தந்தி எது என்று பிரித்தறிய முடியாமல் போகும். இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை, எட்டு வயதுப் பிள்ளைக்கும் காது சொல்லிவிடும். தம்புராவில் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கே தந்திகள். ஆனால் தந்திகளைத் தாங்கும் குதிரைமேல் ஜீவா என்னும் நூல் சரியாக உட்கார்ந்திருந்தால், மந்தரத் தந்தியின் நாதத்துக்குள் அந்தர காந்தாரமும் ('க' ஸ்வரத்தின் உயர்ந்த வகை) மெல்லக் கேட்கும். அதைத் தனியாக யாரும் மீட்டவில்லை, அந்த ஒற்றைத் தந்தியின் நாதத்திலிருந்தே பிறக்கிறது. நாம் முதலில் படிக்கிற மாயாமாளவகௌளை ராகத்தில் வருவதும் அதே அந்தர காந்தாரம்தான். பாட ஆரம்பிக்கும் முன் கண்ணை மூடி ஒரு நிமிடம் தம்புராவைக் கேட்கிற பிள்ளைக்குக் காந்தாரம் பாதி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். செயலியில் சுருதி போட்டாலும் பரவாயில்லை. கேட்க வேண்டும், அதுதான் முக்கியம்.

அடிப்படைப் பாடங்களை இந்த ராகத்தில் அமைத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. 72 மேளகர்த்தா என்னும் தாய் ராகங்களில் 15ஆவதான இதை ஏன் ஆரம்பப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள் என்று வருடாவருடம் யோசிப்பேன். ஷட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபத்துக்கு (தாழ்ந்த 'ரி') ஒரு சின்னத் தாவல், அங்கிருந்து காந்தாரத்துக்குப் பெரிய தாவல், மறுபடி மத்தியமத்துக்குச் சின்னத் தாவல். பஞ்சமத்துக்கு மேலேயும் அதே அமைப்பு: சின்னது, பெரியது, சின்னது. கீழ்ப்பாதியைச் சுத்தமாகப் பாடிவிட்டால் மேல்பாதிக்கான அளவும் குரலுக்குத் தெரிந்துவிடும். சாதகம் விட்டுப்போன பிள்ளையை நான் கண்டுபிடிப்பதும் இங்கேதான். என் வகுப்பில் முதலில் நழுவுவது சுத்த ரிஷபம். அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் பாடினாயா என்று கேட்கவே வேண்டியதில்லை. கேட்பதும் இல்லை. "ரிஷபத்துல கொஞ்சம் நின்னு பாடும்மா" என்று சொன்னால் பிள்ளைக்கே புரிந்துவிடும்.

குளிர் நாட்களில் இன்னொரு பழக்கத்தை விடாமல் கவனிக்கிறேன்: செருமல். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்கிற பிள்ளைகள் இந்த மாதங்களில் கூடிவிடுவார்கள். செருமும்போது குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதுகின்றன. அதில் எரிச்சல் உண்டாகி மறுபடி செருமத் தோன்றும். "செருமாதே" என்று சொல்வதால் பயனில்லை, கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர்ப் புட்டி பக்கத்தில் இருக்கும், செருமத் தோன்றினால் ஒரு மிடறு குடி. கொஞ்ச நாளில் கை தானாகப் புட்டிக்குப் போகிறது.

மழைக்காலத்தில் தொல்லை குரலைவிட வாத்தியங்களுக்குத்தான். ஈரம் ஏறினால் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். பக்கத்து அறையில் மிருதங்க வகுப்பு எடுக்கும் ஆசிரியர் அந்த நாட்களில் பாடம் சொல்வதைவிட வலது முகமான வலந்தலையைத் தட்டிச் சுருதி சேர்ப்பதில்தான் அதிக நேரம் செலவழிப்பார். வயலினில் தந்தியை முறுக்கும் பிரடைகள் ஈரத்தில் உப்பி இறுகிக்கொள்ளும், வறண்ட நாட்களில் சுருங்கி வழுக்கும். வெயில் காலத்தில் வீணைக்கு வேறு கவலை. அதன் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் இடத்திலுள்ள உலோகப் பட்டைகள்) மெழுகின்மேல் பதிந்திருப்பவை. வெயில் படும் இடத்தில் வைத்தால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும், மறுபடி மெட்டுகளைச் சரியான இடத்தில் பதித்து மேளம் கட்டித்தான் ஆக வேண்டும். புல்லாங்குழல் சூட்டில் சுருதி ஏறும். வெப்பம் 1 டிகிரி கூடினால் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது, அதுதான் காரணம். உலோகத் தந்தியோ சூட்டில் நீண்டு சுருதி இறங்கும். ஒரே அறையில், ஒரே மதியத்தில், குழல் மேலே போகிறது, தந்தி கீழே வருகிறது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நேற்றுச் சேர்த்த சுருதி இன்றைக்கு இருக்காது, தினமும் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பதை இதைவிட நன்றாகச் சொல்லித்தர முடியாது.

பலத்த மழை என்றால் வகுப்பு இணையத்துக்குப் போகும். அதில் சேர்ந்து பாடவே முடியாது. குரல் போய்ச் சேரத் தாமதமாகும், தாளம் பிசகும். சுருதி பிள்ளையின் பக்கம் ஒலிக்கும், நான் ஒரு ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) பாடி நிறுத்துவேன், பிள்ளை தனியாகப் பாடும். நேரில் என் குரலில் ஒட்டிக்கொண்டு பாடுகிறவர்கள் அப்போது தனியாக நின்றாக வேண்டும். மழை விட்டு நேரில் வந்த பிறகும் வகுப்பில் ஒரு பகுதியை இப்படியே வைத்துக்கொண்டேன்.

பரீட்சைக் காலமும் கோடை விடுமுறையும்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை. பரீட்சை நெருங்கும்போது அம்மாக்கள் கூப்பிடுவார்கள். "டீச்சர், பரீட்சை முடியற வரைக்கும் கிளாஸ் வேண்டாம்னு பார்க்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க." நான் மறுப்பதில்லை. "வகுப்புக்கு வர வேண்டாம்மா. சுருதியைப் போட்டு ஒரே ஒரு ஜண்டை வரிசை பாடச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷம் போதும்" என்பேன். பெரும்பாலும் அது நடந்துவிடுகிறது. படிப்புக்கு நடுவே எழுந்து ஐந்து நிமிடம் பாடுவது பிள்ளைக்கும் தேவையாக இருக்கிறது. நாள் முழுக்க நேரம் குறித்து ஓடுவதால் அந்த ஐந்து நிமிடத்துக்கும் ஒரு இடம் கிடைத்துவிடுகிறது. பரீட்சை முடிந்து திரும்பும்போது குரல் கெட்டிருக்காது.

கோடை விடுமுறையில் நடப்பது இதற்கு நேர் எதிர். நாள் முழுக்கக் கையில் இருக்கிறது. "இனிமே தினமும் ரெண்டு மணி நேரம் டீச்சர்!" என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைதான் ரிஷபம் நழுவித் திரும்பி வரும். இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளி நாட்களில் பல் தேய்த்து முடித்ததும் பாட்டு, அல்லது பள்ளி விட்டு வந்து முகம் கழுவியதும் பாட்டு. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வந்தது. விடுமுறையில் முன்னால் இருந்த அந்தச் செயலே போய்விடுகிறது. எப்போது வேண்டுமானாலும் பாடலாம் என்று ஆகிவிட்டால், பாட வேண்டிய நேரம் என்று ஒன்று இருப்பதில்லை. அதனால் இப்போதெல்லாம் விடுமுறைக்கு முன் நான் பாடம் எதுவும் கொடுத்து அனுப்புவதில்லை. ஒரே கேள்விதான்: லீவுல எதுக்கு அப்புறம் பாடப் போறே? குளிச்சதுக்கு அப்புறம், தங்கச்சி எழுந்துக்கறதுக்கு முன்னாடி, சாயங்காலம் விளையாடப் போறதுக்கு முன்னாடி என்று ஏதாவது சொல்வார்கள். அதைப் பாட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்வேன். எத்தனை நிமிடம் என்ற பேச்சே எடுப்பதில்லை.

குரல் உடைகிற வயதுப் பையன்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் பலர் பாட்டை விடுகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டி அவர்கள் குரல்வளை வளர்ந்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரையான தூரம், இறங்குகிறது. நேற்றுவரை 5 கட்டையில் சுலபமாகப் பாடியவனுக்கு இன்று மத்திய ஸ்தாயியிலேயே குரல் உடைகிறது. மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவனுக்கு அது பெரிய அவமானம். அந்த மாதங்களில் அவனுக்குத் தனி ஏற்பாடு: வசதியான கீழ்ச் சுருதியில் சில ஸ்வரங்கள் மட்டும், உரக்க இல்லாமல். மீதி நேரம் தாளம். ஏழு தாளங்களில் அமைந்த அலங்காரப் பயிற்சிகளைக் கையில் போட்டுக்கொண்டு மனதுக்குள் பாடுவது, மற்றவர்கள் பாடும்போது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பைக் கவனிப்பது. குரல் நிலைத்தபின் மற்றவர்களைவிடத் தாளத்தில் கெட்டியாக வருகிறவர்கள் இவர்கள்தான். ஆனால் அந்த இடைக்காலத்தில் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடாமல் இருக்க வேண்டும். அதற்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் மெனக்கெடுவேன்.

இனி என்னுடைய சாதகம். பாட்டு டீச்சர் நாள் முழுக்கப் பாடுகிறாரே, தனியாக எதற்குச் சாதகம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். வகுப்பில் நான் பாடுவது என் சுருதியில் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சுருதி, பெரிய பெண்களுக்கு ஒன்று, குரல் உடைந்த பையன்களுக்கு 1 கட்டை. ஒரு வகுப்பில் எனக்கு மேல் ஸ்தாயி எட்டாது, அடுத்ததில் கீழே இறங்க இடம் இருக்காது. அதோடு, பாடிக் காட்டும் போதெல்லாம் பிள்ளை செய்த பிசகைப் பாடிக் காட்டி, பிறகு சரியானதைப் பாட வேண்டியிருக்கிறது. மாலைக்குள் குரல் எங்கெங்கோ போய் வந்திருக்கும். அதை அதன் இடத்தில் கொண்டுவந்து வைக்கத்தான், முதல் பிள்ளை வருவதற்கு முன் என் சுருதியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். கீர்த்தனைகள் இல்லை, சொல்லிக்கொடுக்க வேண்டிய எதுவும் இல்லை. பிள்ளைகள் பாடுகிற அதே சரளி வரிசை, மூன்று காலத்திலும். யாரையும் திருத்த வேண்டாத அந்த நேரத்தில் என் காது என் குரலைக் கேட்கிறது. நாளின் மற்ற நேரம் முழுக்க அது மற்றவர்களுக்காக வேலை செய்கிறது.

இதிலிருந்தே வகுப்பில் இன்னொரு பழக்கமும் வந்தது. பிள்ளை பாட ஆரம்பித்தால் ஆவர்த்தனம் முடியும்வரை குறுக்கிடுவதில்லை. பிசகு காதில் விழுந்ததும் நிறுத்தத்தான் வாய் வரும். கொஞ்சம் பொறுத்தால், பாதிப் பிசகுகளைப் பிள்ளையே அடுத்த சுற்றில் சரிசெய்துவிடுவதைப் பார்க்கலாம். சரிசெய்யாத மீதிதான் என் வேலை. என் தொண்டைக்கும் இதில் நல்ல ஓய்வு கிடைக்கிறது.

இப்போது பனி கெட்டியாக இருக்கிறது. பெரிய பெண்கள் அட தாள வர்ணம் என்ற பெரிய பயிற்சிப் பாடம் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதினான்கு அட்சர (எண்ணிக்கை) தாளம், மூச்சும் குரலும் முழுதாகத் திறந்திருந்தால்தான் இரண்டாம் காலம் நிற்கும். காலைக் குளிர் குறைந்து, முதல் வரிசையிலேயே தார ஷட்ஜம் இறுக்கமில்லாமல் வருகிற வாரத்தில் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை மந்திர பஞ்சமம், அகாரம், வெதுவெதுப்பான தண்ணீர். தாளத்தை மட்டும் இப்போதே கையில் போட்டுப் பழகச் சொல்லியாயிற்று.