நொடிக்கு எத்தனை ஃபிரேம்?

பழைய மௌனப் படங்களில் ஆட்கள் ஏன் குடுகுடுவென்று ஓடுகிறார்கள்? அன்று கேமராவைக் கைப்பிடி சுற்றித்தான் ஓட்டினார்கள். நொடிக்கு 16 ஃபிரேம் (தனித்தனி நிலைப்படம்) வீதம் எடுத்ததை 24-இல் ஓட்டினால் நடை ஒன்றரை மடங்கு வேகமாகிவிடும். பீட்டர் ஜாக்சனின் ஆவணப்படம் 'தே ஷல் நாட் க்ரோ ஓல்ட்' (2018) முதலில் கைவைப்பது இந்தக் கோளாறில்தான். முதல் உலகப்போர்ச் சுருள்கள் ஒவ்வொன்றும் ஒரு வேகம். ஷாட் ஷாட்டாகக் கணித்து, இடையில் இல்லாத ஃபிரேம்களைக் கணினியில் உருவாக்கிச் செருகியிருக்கிறார்கள். உதட்டசைவு படிப்பவர்களை வைத்துப் பேச்சும் சேர்த்தார்கள். பதுங்குகுழியில் பல் தெரியச் சிரிக்கும் சிப்பாய்கள் சட்டென்று நம் வயசுப் பையன்களாகிவிடுகிறார்கள். கருப்பு வெள்ளைக்கு மேல் பூசிய வண்ணம்தான் ஒட்டவில்லை, எல்லார் முகத்திலும் ஒரே மெழுகுப் பூச்சு. வேகமாக அசையும் கைகளின் ஓரம் கரைவதும் உறுத்துகிறது.

நிலவில் மனிதன் இறங்கிய பயணத்தைக் காட்டும் ஆவணப்படம் 'அப்பல்லோ 11' (2019) வண்ணம் பூச வேண்டிய அவசியமில்லாத படம். 70 மி.மீ. உள்ளிட்ட அன்றைய சுருள்கள், கட்டுப்பாட்டு அறை ஒலி, கூடவே இசை. புதிதாக வர்ணனைக் குரல் கிடையாது. தரையிறங்கும்போது கலத்தின் கணினி வேலைப்பளுவில் திணறி '1202' எச்சரிக்கை வரும் இடத்தில் இசை கொஞ்சம் அடக்கியிருக்கலாம்.

டிவியில் பார்ப்பவர்கள், டிவியே இடையில் ஃபிரேம்களை உருவாக்கிச் செருகும் 'மோஷன் ஸ்மூத்திங்'கை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டுமே மெகா சீரியல் மாதிரி வழுக்கும்.