கழித்தலில் கிடைக்கும் கோர்
வார்ப்படத்துக்கான பேட்டர்னை (மணல் அச்சில் குழிவை உண்டாக்கும் மாதிரியை) கேட் (CAD) எனும் கணினி வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைப்போர் சிலர், முடிவுற்ற பாகத்தின் சாலிட் மாடலை (முப்பரிமாணத் திட வடிவை) சற்றே பெரிதாக்கினால் போதும் என்று எண்ணுகிறார்கள். என் பார்வையில் வரிசையே முக்கியம்: கடைந்து எடுக்கப்போகும் சிறு துளைகளை மாடலில் அடைத்து, எந்திர வேலைக்கு உட்படும் முகங்களில் மட்டும் கனம் கூட்டி, பார்ட்டிங் லைனை (மோல்ட் எனும் மணல் அச்சு இரண்டாகப் பிரியும் கோட்டை) முடிவு செய்து, அதன் இருபுறமும் ஓரிரு டிகிரி டிராஃப்ட் (பேட்டர்ன் மணலிலிருந்து எளிதில் வெளிவரச் சரிவு) கொடுத்து, ஃபில்லட்டுகளை (மூலை வளைவுகளை) கடைசிக்கு ஒதுக்கினால், பின்னர் வரும் திருத்தங்களை மாடல் தாங்கும்.

கோரை (வார்ப்பில் உட்குழிவை உண்டாக்கும் மணல் பாகத்தை) தனியாக வரையத் தேவையில்லை. வெளிவடிவத்தை முழுத் திடமாக வைத்து அதிலிருந்து வார்ப்பைக் கழித்தால் உட்குழிவு திடப்பொருளாகக் கிடைக்கும். அதனுடன் கோர் பிரிண்டுகளை (கோரை மோல்டில் தாங்கி நிறுத்தும் நீட்சிகளை) சேர்த்தால் கோர். ஒரு கட்டையிலிருந்து அந்தக் கோரைக் கழித்தால் கோர் பெட்டி, அதாவது கோரை வார்த்தெடுக்கும் அச்சு. பேட்டர்னில் வரும் பிரிண்டுகள் கோரில் உள்ளவற்றைவிடச் சிறிதளவு பெரிதாக இருக்க வேண்டும், இல்லையெனில் கோர் மோல்டில் உட்காராது.

மாடல் தரும் கன அளவு இன்னொரு கணக்குக்கும் உதவுகிறது. உருகிய இரும்பின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 7 கிராம், கோர் மணலுடையது ஏறத்தாழ 1.6 கிராம் என்பதால், முழுதும் மூழ்கிய கோர் தன் எடையைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமான விசையுடன் மேலே தள்ளப்படும். அதைப் பிரிண்டுகள் தாங்க வேண்டும். (இதைக் கணக்கிடாமல் அழகான மாடல்களை அனுப்புவோர் உண்டு.)

உலோகம் குளிர்ந்து சுருங்குவதற்காகப் பேட்டர்னைப் பெரிதாக்கும் சுருக்க ஈடு, சாம்பல் வார்ப்பிரும்புக்குச் சுமார் 1 சதவீதம், எஃகுக்குச் சுமார் 2 சதவீதம். பேட்டர்னையும் கோர் பெட்டியையும் ஒரே மையப்புள்ளியிலிருந்து ஒரே விகிதத்தில் பெரிதாக்க வேண்டும். ஆனால் கெட்டியான கோர் சுருக்கத்தைத் தடுக்கும் நீண்ட பாகங்களில், திசைக்குத் திசை வேறு விகிதம் தேவைப்படலாம்.