நீங்க எதையும் தொடலையே?

"நீங்க எதையும் தொடலையே?"

"இல்ல சார். ரிமைண்டர் தானா வந்து நின்னுச்சு. யார் அனுப்பினதுன்னே தெரியல."

"அப்ப ஒண்ணும் ஆகாது. டெலிட் பண்ணிடுங்க."

2023 மார்ச் முதல் வாரம். கணக்குப் பிரிவில் இருப்பவர், அன்று வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். ஐடி பிரிவில் இருக்கும் எனக்குத் தன் ஸ்க்ரீனைக் காட்டினார். நடுவில் அவுட்லுக்கின் சின்ன ஜன்னல். தேதி கடந்துபோன ஒரு சந்திப்பு. தலைப்பில் ஒரே ஒரு சொல். அந்தச் சொல் என்னவென்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இரண்டு நிமிடத்தில் போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 14 அன்று, அவுட்லுக்கில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்தது. ஓட்டையின் பதிவு எண் சிவிஇ-2023-23397, ஆபத்தின் அளவு பத்துக்கு 9.8. விளக்கத்தைப் படிக்கும்போதே அந்த ஜன்னல் கண்முன் வந்துவிட்டது. ரிமைண்டர் ஒலிக்கும்போது எந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்பதை அனுப்புகிறவரே மெயிலுக்குள் குறித்து அனுப்ப முடியும். அந்த ஒலிக்கோப்பின் இடத்தில் தன் சர்வரின் முகவரியை அவர் வைத்துவிட்டால் போதும். நேரம் வந்ததும் அவுட்லுக் கோப்பைத் தேடி அங்கே போகும். போன இடத்தில், லாகின் செய்திருப்பவரின் என்டிஎல்எம் ஹாஷையும், அதாவது அவருடைய பாஸ்வேர்டிலிருந்து உருவாகும் அடையாளக் குறியையும், கொடுத்துவிடும். மெயிலைத் திறக்க வேண்டாம். ப்ரிவியூகூட வேண்டாம்.

எதையும் தொடவில்லை என்று அவர் சொன்னது உண்மை. அதை வைத்து நான் சொன்ன பதில்தான் தப்பு.

அன்று யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது நியாயம்தான், எனக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனால் 2022 ஏப்ரலிலேயே இந்த ஓட்டையை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பின்னால் படித்தபோது, அந்த நியாயம் பாதியாகக் கரைந்தது. தெரியாத ஒன்றைப் பற்றி "தெரியல, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கலாம் அல்லவா?

இப்படிப்பட்ட மெயில்களைத் தேடிப் பிடிக்க மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஸ்கிரிப்டை எல்லா மெயில்பாக்ஸிலும் ஓட்டினேன். எதுவும் சிக்கவில்லை. அவருடைய பெட்டியில் எப்படிச் சிக்கும்? அழிக்கச் சொன்னவனே நான்தானே. அவுட்லுக் அப்படிக் கோப்பைத் தேடி வெளியே போகும் வழியான 445 போர்ட்டை அலுவலக ஃபயர்வாலில் அடைத்திருந்தோம்; அவர் வீட்டு இணைப்பில் அந்தத் தடுப்பு இருந்ததா என்று இனிமேல் பார்க்க வழியில்லை. வெறும் குப்பை மெயிலாகவே இருந்திருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இருந்தும் அன்று மாலையே அவருடைய பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். "எதுக்கு சார் இப்ப?" என்றார். "வழக்கமானதுதான்" என்றேன். பயமுறுத்த வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று நினைக்கிறேன். என் வார்த்தையை நானே திருத்த வேண்டியிருக்கும் என்பதும் காரணமாக இருந்திருக்கும்.

அதே ஆண்டு செப்டம்பரில் லிப்வெப்பி என்ற நிரல் நூலகத்தில் ஓட்டை வந்தது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் எல்லாவற்றிலும் வெப்பி வகைப் படங்களைக் காட்டுவது அந்த ஒரே நூலகம்தான். அதற்கென்றே செய்த ஒரு வெப்பி படத்தை பிரவுசர் விரித்துக் காட்டினாலே ஆபத்து. ஒவ்வொரு மேஜையாகப் போய் பிரவுசரை மூடித் திறக்க வைத்தேன். அப்டேட் இறங்கியிருந்தாலும், மூடித் திறக்காதவரை பழைய பதிப்புதான் ஓடிக்கொண்டிருக்கும். அவர் மேஜைக்கு வந்தபோது, "நான் எதையும் கிளிக் பண்ணல சார்" என்றார், நான் கேட்காமலே. அவர் திறந்து வைத்திருந்த டேப்களை எண்ணுவதுபோல ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.