மயங்கி விழாமல் ஊசி போட்டுக்கொள்ளப் பழகிய கதை

ஊசி வலிக்குமே என்கிற பயம் எனக்குக் கிடையாது. தறிப்பட்டறையில் வளர்ந்தவனுக்கு வலி ஒன்றும் புதிதில்லை. என் பிரச்சினை வேறு. ஊசி தோலில் இறங்குவதைப் பார்த்தால், ரத்தம் டியூபில் ஏறுவதைப் பார்த்தால், ஏன், யாராவது தன் ஆபரேஷன் கதையை விலாவாரியாகச் சொன்னாலே காது அடைக்கும், உள்ளங்கை வேர்க்கும், கண் இருட்டும். அப்புறம் தரையில் கிடப்பேன். சுற்றி நாலு முகம் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில் எங்களுக்கு பவர்லூம். ஆந்திராதான், ஆனால் வீட்டிலும் தெருவிலும் பேசுவது தமிழ். ஒருமுறை பட்டறையில், தறியில் ஊடை நூலோடு ஓடுகிற நாடாக் கட்டை தெறித்து வேலையாள் ஒருவருக்குப் புருவம் கிழிந்துவிட்டது. அவர் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார், விழுந்தது நான். இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். தையல் போட்டுக்கொண்டு வெளியே வந்த அவரே எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தார். எங்கள் தெருவில் இந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விழும்போது எனக்குக் கைகால் லேசாக வெட்டி இழுக்கும். அதனால் சின்ன வயதிலேயே வலிப்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள். விழுந்த இடத்தில் எல்லாம் யாராவது ஒருவர் என் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார். ஒரு கிளினிக்கில் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற ஈஈஜி எடுத்து, அதில் கோளாறு எதுவும் இல்லை என்று வந்த பிறகும் வலிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட காலம் முழுக்கத் தூக்கம்தான். பாவு பிணைக்க உட்கார்ந்தால் இழை கண்ணுக்கு இரண்டாகத் தெரியும். மூளைக்கு ரத்தம் குறைந்து மயங்குகிற யாருக்கும் சில விநாடி கைகால் வெட்டலாம், அது வலிப்பு நோய் ஆகாது என்பதை எனக்கு யாரோ ஒருவர் சொல்ல இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

இப்படிப்பட்ட பயம் உள்ளவர்கள் தப்பித்துக்கொள்வதில் பெரிய கெட்டிக்காரர்களாக இருப்போம். பைக்கில் விழுந்து முன்கை முறிந்தபோது நேராகப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். பச்சிலை அரைத்துத் தடவி மூங்கில் பட்டை வைத்துக் கட்டுவார்கள். மெட்ராஸிலிருந்து கார் வைத்துக்கொண்டு அங்கே வருகிறவர்கள் கட்டின் மேல் உள்ள நம்பிக்கையில் வருகிறார்கள். நான் போனது அங்கே ஊசி கிடையாது என்பதற்காக. 2021-இல் கொரோனா தடுப்பூசி முகாமில் வரிசையில் நின்றபடியே விழுந்தேன். எனக்கு முன்னால் இருந்தவருக்குத்தான் ஊசி போட்டார்கள். ஆனால் ‘தடுப்பூசி போட்டதும் ஆள் சுருண்டு விழுந்துட்டான்’ என்று செய்தி பரவி, வரிசையில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் நைனாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பெரியப்பாவுக்கும் அதேதான், அதில் ஒரு கால் விரலையே எடுத்தார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் நாற்பது வயது வரை நான் ஒரு தடவைகூட ரத்தம் கொடுத்து சுகர் பார்த்ததில்லை.

கடைசியில் என்னை வைத்தியத்துக்குத் தள்ளியது சர்க்கரை இல்லை, காதுகுத்து. அக்காவுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருடம் கழித்துப் பிறந்த பெண். திருத்தணியில் மொட்டை அடித்துக் காது குத்துவதாக வேண்டுதல். “நீதான்டா மடியில வெச்சுக்கணும், அவளுக்கு வேற மாமன் யாரு?” என்றாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் ஆசாரி ஊசியை இறக்க, காதில் ரத்தம் பொட்டு வைக்க, நான் குழந்தையோடு சேர்ந்து கவிழ்ந்தால்? அந்த நினைப்பிலேயே தூக்கம் போயிற்று.

ஒரு ராத்திரி 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். எடுத்தவர் சிரிக்காமல் கேட்டார், அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. இதற்குச் சிகிச்சை இருக்கிறது, ஒரு கிளினிகல் சைக்காலஜிஸ்ட்டை, அதாவது இந்த மாதிரிப் பயங்களுக்குச் சிகிச்சை தருகிற உளவியல் நிபுணரைப் பாருங்கள் என்றார். திருத்தணி, சோளிங்கர் வழியாக வேலூருக்கு பஸ் ஏறினேன். திருப்பதிதான் எங்களுக்குப் பக்கம், ஆனால் இந்த விஷயத்தைத் தெலுங்கில் சொல்ல எனக்கு வராது.

வேலூரில் பார்த்த சைக்காலஜிஸ்ட் மேடம் முதல் நாள் கேள்விகளாகவே கேட்டார். விழுவதற்கு முன்னால் உடம்பில் என்ன நடக்கிறது, எவ்வளவு நேரத்தில் தெளிகிறது, நாக்கைக் கடித்ததுண்டா, ரத்தம் ஊசி தவிர வேறு எதற்காவது விழுந்ததுண்டா. பிறகு, “உங்க வீட்டுல வேற யாராவது இப்படி விழுவாங்களா?” என்றார். யாரும் இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டால், அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “உன் காதுகுத்துலயே உங்க மாமா விழுந்தாரேடா! வெயில்னு சொல்லிட்டோம்.” மேடம் சொன்னதும் அதைத்தான். மற்ற பயங்களைவிட இந்த வகை குடும்பத்தில் வழிவழியாக வருவது அதிகம்.

அவர் விளக்கியதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். குறிப்பிட்ட ஒரு பொருள்மேல், ஒரு சூழ்நிலைமேல் வருகிற மிதமிஞ்சிய பயத்தைப் ஃபோபியா என்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வாழ்க்கையைத் தடுக்கிற அளவுக்கு இருந்தால்தான் அந்தப் பெயர். நாய், பாம்பு, உயரம், லிஃப்ட், விமானம் எல்லாம் இதில் அடங்கும். அந்தப் பயங்களில் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். செத்துவிடுவோம் என்று தோன்றுமே தவிர, மயங்கி விழுவது அபூர்வம். ரத்தம், ஊசி, காயம் சம்பந்தப்பட்ட பயம் மட்டும் தனி ரகம். இதில் முதலில் அழுத்தம் ஏறும், பிறகு மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற வேகஸ் நரம்பு பிரேக் போடுவதால் நாடித்துடிப்பும் அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகிற ரத்தம் குறைகிறது, ஆள் விழுகிறார். அடிபட்டால் ரத்தம் அதிகம் போகாமல் இருக்க ஆதிகாலத்தில் உடம்பு பழகிக்கொண்ட வழியாக இருக்கலாம் என்று ஓர் ஊகமும் உண்டாம்.

சொன்னதோடு நிறுத்தாமல் கையில் பிபி மிஷினைக் கட்டி, கணினித் திரையில் ரத்தம் எடுக்கிற படத்தைக் காட்டினார். எண் முதலில் 140-ஐத் தாண்டியது. கொஞ்ச நேரத்தில் கொட்டாவி வந்தது, வயிற்றைப் பிரட்டியது, எண் 90-க்குக் கீழே போய்விட்டது. என்னைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தார்கள். பயந்தாங்கொள்ளி என்று ஊரே சொன்ன ஒன்று அந்தச் சின்னத் திரையில் வெறும் எண்ணாக ஓடியதைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை பேர் என்னிடம், “உடம்பைத் தளர்த்தி விடு, மூச்சை நல்லா இழுத்து விடு, ரிலாக்ஸா இரு” என்று சொல்லியிருப்பார்கள்! நானும் நல்ல பிள்ளையாகத் தளர்த்தித் தளர்த்தி விழுந்திருக்கிறேன். அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிற உடம்பைத் தளர்த்தினால் அது இன்னும் இறங்கத்தானே செய்யும்? வேகமாக மூச்சிழுத்தால் தலைசுற்றல் கூடத்தான் செய்யும்.

இதற்கு ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற உளவியலாளர் 1980-களில் ஒரு முறையை வகுத்தார். உடம்பை இறுக்குவதுதான் முறை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் முஷ்டியாக மடக்க வேண்டும். முன்கை, புஜம், மார்பு, வயிறு, தொடை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து விநாடியில் முகத்தில் சூடு ஏறுவது தெரியும். அது தெரிகிற வரை பிடித்தால் போதும். பிறகு விட வேண்டும். ஆனால் தொய்ந்து சாயக் கூடாது, சாதாரணமாக உட்கார்ந்திருக்கிற நிலைக்கு வந்தால் சரி. இருபது முப்பது விநாடி விட்டு மறுபடியும். இப்படி ஐந்து முறை செய்தால் ஒரு சுற்று, தினமும் ஐந்து சுற்று. எனக்குத் தொடை இறுகுவது சுலபமாக வந்தது, வயிறு வரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைச் சிவக்க வைத்துக்கொண்டிருந்தேன். “மூச்சு பாட்டுக்கு ஓடட்டும், முகத்துக்கு வேலை இல்ல” என்று மேடம் திருத்தினார். பட்டறையில் தறி ஓடும்போது ஸ்டூலில் உட்கார்ந்து பழகுவேன். மலச்சிக்கலா என்று கேட்டவர்களும் உண்டு.

ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். மாத்திரை உண்டா என்று நானும் கேட்டேன். படபடப்புக்குக் கொடுக்கிற தூக்க வகை மாத்திரைகள் அந்த நேரத்துக்கு அடக்கும், பழக்கமாகிவிடும், பயத்தைப் போக்காது என்று மறுத்துவிட்டார்.

இறுக்கப் பழகியது பாதி வேலை. மீதிப் பாதி, விலகி ஓடியதை எல்லாம் படிப்படியாக எதிரே நின்று பார்ப்பது. எனக்கு எது எவ்வளவு பயம் என்று 0-இலிருந்து 100 வரை மதிப்பெண் போட்டு எழுதச் சொன்னார். 1950-களில் ஜோசப் வோல்ப்பி என்ற மருத்துவர் இப்படிப் படிக்கட்டாக அடுக்குகிற முறையைப் பரப்பினாராம். என் பட்டியலில் அடியில் இருந்தது மருந்துக்கடையில் பாக்கெட்டோடு தொங்குகிற சிரிஞ்ச். உச்சியில், ஊசி என் முழங்கை மடிப்பில் இருக்க, டியூபில் ரத்தம் ஏறுவதை நான் பார்ப்பது. அதற்கு 100 போட்டேன். காதுகுத்துக்கு 95.

சிரிஞ்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். ஊசி இல்லாத சிரிஞ்சில் பீட்ரூட் சாற்றை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கு எப்போதும் பையனை அனுப்புகிறவன், நானே போய் நின்றேன். வேர்வை ஊற்றும், மார்க்கு எகிறும், இறுக்குவேன், நிற்பேன். பயம் பாதியாகக் குறைகிற வரை நகரக் கூடாது என்பது கட்டளை. குறையவும் குறைந்தது, நான் எதிர்பார்த்ததைவிட சீக்கிரமாக. வீடியோ பார்ப்பதுதான் சலித்துப்போகும் வேலை. ஒரே ரத்த தான வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசியில் அதில் வருகிற நர்ஸின் வளையல் டிசைன் வரை மனப்பாடம் ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் அடுத்த படிக்குப் போனேன்.

பிறகு நகரியில் ஒரு லேப். சொல்லி வைத்து, நைனாவுக்கு ரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி வாங்கினேன். அந்தப் பையன் என் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு, “ஏமீ காதண்ணா, கூச்சோண்டி” (ஒன்றும் ஆகாதண்ணா, உட்காருங்க) என்று ஸ்டூலைத் தள்ளினான். உட்கார்ந்து தொடையை இறுக்கினேன். காது அடைக்கத் தொடங்கியது, ஆனால் அடைப்பு முழுதாக வந்து சேரவில்லை. ஏதோ பாதி வழியில் நின்றுகொண்டது. நைனா என்னைப் பார்த்துக்கொண்டே, “ரத்தம் எனக்குத்தான்டா எடுக்கறாங்க” என்றார்.

காதுகுத்து அன்று திருத்தணியில் நல்ல கூட்டம். காலையிலேயே தண்ணீர் நிறையக் குடித்திருந்தேன், வெறும் வயிற்றில் போகவில்லை. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை மடிக்கு வந்தது. ஆசாரி காது மடலில் புள்ளி வைக்கும்போதே இறுக்கத் தொடங்கிவிட்டேன். கண்ணைத் திருப்பக் கூடாது, பார்க்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். பார்த்தேன். முதல் காதுக்குக் குழந்தை வீறிட்டது. இரண்டாவது காதுக்கு அழுகையை நிறுத்திவிட்டுத் தன் அம்மாவிடம், “மாமா கால் குத்துது, எறக்கி வுடு” என்றது. தொடை அவ்வளவு இறுகியிருந்தது போல. அக்கா என்னைப் பார்த்தாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் உடனே எழுந்திருக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த 100 மார்க்கு பாக்கி இருந்தது. அதே லேபுக்குப் போனேன். இங்கே ஒரு நுணுக்கம்: ஊசி ஏறுகிற கையை மட்டும் தளர்வாக விட்டுவிட்டு, மறு கையையும் காலையும் வயிற்றையும் இறுக்க வேண்டும். குத்துகிற கையை இறுக்கினால் ரத்தக்குழாய் கிடைப்பதும் கஷ்டம், வலியும் அதிகம். இதை வீட்டில் தனியாகப் பழகியிருந்ததால் சமாளித்தேன். படுத்துக்கொண்டு கொடுக்கிறேன் என்று லேபில் கேட்கலாம், ஆரம்பத்தில் அப்படிக் கொடுப்பது நல்லது. ஊதா மூடி டியூபில் ரத்தம் ஏறியதைக் கடைசி வரை பார்த்தேன். நான் நினைத்ததைவிடக் கறுப்பாக இருந்தது.

கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7-இலிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையாம். ஐந்தாறு வருடம் முன்பே பார்த்திருக்க வேண்டியது என்று டாக்டர் முணுமுணுத்தார். சோற்றைக் குறைத்து, சாயந்திரம் நடக்கச் சொல்லியிருக்கிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். வேலூர் மேடத்திடம் போனில் சொன்னேன். நீண்ட நாள் ஊசிப் பக்கமே போகாமல் இருந்தால் பயம் மெல்லத் திரும்பி வரும், அடிக்கடி வாய்ப்பைத் தேடிப் போங்கள் என்று ஏற்கெனவே அவர் சொல்லியிருந்தார். இனிமேல் தேட வேண்டியதில்லை. பல் டாக்டர்தான் இன்னும் பட்டியலில் இருக்கிறார். அவருக்கு 80 போட்டிருக்கிறேன்.