தீயை அணைத்த பிறகு வீட்டுக்குப் போகிறவர்கள்

தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தொடக்கம் முதல் முடிவு வரை நான் பார்த்த ஒரே டிவி தொடர் 'ரெஸ்க்யூ மி'. அமெரிக்கத் தொடர். 2004 ஜூலை 21இல் தொடங்கி 2011 செப்டம்பர் 7இல் முடிந்தது. ஏழு பருவங்கள், 93 எபிசோடுகள். மகன் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். அவர்கள் பேசுகிற வேகத்துக்கு என் ஆங்கிலம் ஈடுகொடுக்காது, சப்டைட்டில் படித்துப் படித்துத்தான் பார்த்தேன். ராமநாதபுரம் கடற்கரையில் வேலை பார்த்த ஒருவனுக்கு நியூயார்க் தீயணைப்பு நிலையத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நிறைய இருந்தது.

கதையின் நடுவில் நிற்பவன் டாமி கேவின். அந்த வேடத்தில் நடித்த டெனிஸ் லியரிதான் பீட்டர் டோலனோடு சேர்ந்து தொடரை உருவாக்கியவர். முதல் காட்சியில் டாமி, புதிதாகச் சேர்ந்த பயிற்சி வீரர்கள் முன்னால் நின்று பேசுகிறான். 2001 செப்டம்பர் 11 அன்று அவனுடைய நிலையத்தில் மட்டும் நான்கு பேர் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவன் ஜிம்மி, டாமிக்குச் சித்தப்பா பெரியப்பா மகன் மாதிரி, உயிர் நண்பனும் கூட. அவன் உடலில் மிச்சமாகக் கிடைத்தது ஒரு விரல். பேசி முடித்துவிட்டு டாமி நடந்து போகும்போது, இறந்தவர்கள் அவனோடு வருகிறார்கள். அன்று நியூயார்க் தீயணைப்புத் துறை இழந்தது 343 பேரை. இடிபாட்டுத் தூசியைச் சுவாசித்து நோயில் விழுந்து பிறகு இறந்தவர்களின் எண்ணிக்கையும் 2023இல் அதே 343ஐத் தொட்டது. அந்த ஒரு நாள் இருபது வருஷம் கழித்தும் முடியவில்லை என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டியதில்லை.

லியரிக்கு இது வெறும் கதை இல்லை. 1999 டிசம்பர் 3 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில், கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் தீப்பிடித்தது. வீடற்றவர்கள் இருவர் உள்ளே இருக்கலாம் என்று தேடிப்போன வீரர்கள் புகையில் வழி தவறினார்கள். அவர்களைத் தேடி இன்னும் சிலர் போனார்கள். ஆறு பேர் திரும்பவில்லை. அந்த வீடற்ற இருவரும் முன்பே வெளியேறியிருந்தார்கள். இறந்த ஆறு பேரில் ஒருவர் லியரியின் உறவுக்காரர், இன்னொருவர் சின்ன வயது நண்பர். மறு வருஷமே தீயணைப்பு வீரர்களுக்காக ஒரு அறக்கட்டளை தொடங்கினார். தொடர் அதற்கு நான்கு வருஷம் கழித்துத்தான் வந்தது. பார்க்கும்போதே தெரியும், துக்கத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்த ஒருவன் எடுத்தது என்று.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம் எனக்கு ஏர்வாடிதான் நினைவில் ஓடியது. செப்டம்பர் 11க்கு 36 நாட்களுக்கு முன், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை. தர்காவுக்கு வந்தால் மனநோய் தீரும் என்று நம்பி நாலா திசையிலிருந்தும் அழைத்து வரப்பட்டவர்களைத் தங்கவைத்த ஒரு தனியார் காப்பகம். கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். தீ வந்தபோது அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அப்படிப்பட்ட இல்லங்கள் மூடப்பட்டன, மனநலக் காப்பகங்களுக்கான விதிகள் பற்றி நாடே பேசியது. எல்லாம் நடந்தது. அந்தச் சாம்பலுக்குள் கால் வைத்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் அப்போது வேறு மாவட்டத்தில் இருந்தேன். பின்னால் இந்தக் கடற்கரைக்கு மாற்றலாகி வந்தபோது, அன்று அங்கே போன மூத்தவர் ஒருவரோடு வேலை பார்த்தேன். வேலையில் கெட்டிக்காரர். பனந்தோப்பில் தீ பிடித்தால் கச்சான் காற்று எந்தப் பக்கம் ஓலையைத் தூக்கிப் போடும் என்று வண்டியிலிருந்து இறங்கும் முன்பே சொல்வார். ஏர்வாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒருமுறை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கொல்லையில் மாட்டைக் கயிற்றில் கட்டியிருந்தது. அவர் மனைவிதான் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "முன்னாடி சங்கிலிதான் தம்பி. ராத்திரி மாடு அசைஞ்சா இவரு எந்திரிச்சு உக்காந்துருவாரு. அதான் மாத்திட்டோம்."

அவ்வளவுதான். டாக்டர் இல்லை, ஆலோசனை இல்லை. சங்கிலிக்குப் பதில் கயிறு. அந்த அம்மா தானாகக் கண்டுபிடித்த வைத்தியம் அது.

தொடரில் டாமி செத்துப்போன ஜிம்மியோடு உட்கார்ந்து பேசுவதை முதலில் பார்த்தபோது, சினிமாவுக்காகக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த மூத்தவர் நினைவுக்கு வந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. இறந்தவர்களோடு பேசுகிறோம் என்று எங்களில் யாரும் சொல்ல மாட்டோம். ஒரு சத்தம், ஒரு வாசம், ஒரு வளையல் நிறம், இப்படித்தான் வரும்.

நியூயார்க் ஆட்களுக்கும் எங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர்கள் போகும் வீடு பெரும்பாலும் யாரோ ஒருவருடையது. இந்தக் கடற்கரையில் அப்படி இல்லை. தங்கச்சிமடத்திலோ உச்சிப்புளியிலோ ஓலை வீடு எரிகிறது என்று அழைப்பு வந்தால், வண்டி கிளம்பும்போதே யாராவது "அது நம்ம இன்னார் வீட்டுப் பக்கமாச்சே" என்பார்கள். நேற்றுச் சூடை மீன் வாங்கிய பெண்ணின் வீடாக இருக்கும். வண்டியில் இருப்பது 4500 லிட்டர் தண்ணீர். கணக்காகப் பீய்ச்சினாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்த மாவட்டத்தில் கோடையில் அடுத்த நடைக்குத் தண்ணீர் தேடுவது தனி வேலை. கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான், எடுத்தும் இருக்கிறோம். எடுத்த அன்றே பம்ப்பை நல்ல தண்ணீர் விட்டு அலசாவிட்டால் உப்பு அரித்துவிடும், அடுத்த அழைப்புக்கு வண்டி உதவாது. இதெல்லாம் வீட்டை இழந்து நிற்கிறவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. "எல்லாம் எரிஞ்ச பெறகு வர்றீங்களே" என்று அவர் கேட்பார். தெரிந்த முகம் கேட்கும்போது அது வேறு மாதிரி இறங்கும். மறுநாள் அதே தெருவில் டீக்கடையில் அவரைப் பார்க்க வேண்டும்.

தனுஷ்கோடியிலிருந்து வரும் அழைப்புகள் இன்னொரு வகை. அரிச்சல்முனையில் குளிக்கத் தடை இருக்கிறது. அமாவாசைக்கு வரும் கூட்டத்தில் யாராவது ஒரு பையன் இறங்கிவிடுவான். கடல் அமைதியாகத்தான் தெரியும், அடியில் நீரோட்டம் இழுக்கும். மீனவர்கள் வள்ளத்தில் தேடுவார்கள், மரைன் போலீஸ் தேடும், நாங்கள் கயிற்றோடு நிற்போம். தாத்தாவுக்குத் திதி கொடுக்க வந்த ஒரு குடும்பம், பேரனைக் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவனைக் கரைக்குக் கொண்டு வந்த எங்கள் நிலையத்துப் பையனுக்குக் கிட்டத்தட்ட அதே வயது. அன்று சாயங்காலம் அவன் யாரிடமும் பேசாமல் சட்டையைத் துவைத்துக்கொண்டே இருந்தான்.

தாம்பரம் பயிற்சி மையத்தில் எங்களுக்கு ஏணி டிரில், ஹோஸ் டிரில், முடிச்சு வகைகள், ஆளைத் தோளில் தூக்கும் முறை எல்லாம் உடம்பில் ஊறும்வரை சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பயிற்சியால்தான் உயிரோடு இருக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலை முடிந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது என்ன செய்வது என்பதற்கு டிரில் கிடையாது. 'ரெஸ்க்யூ மி' கேமராவை அந்த வாசல் வரை கொண்டு போகிறது. அதனால்தான் இதைப் பற்றி எழுதுகிறேன். தீயைப் படம் பிடித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தீயை அணைத்தவன் வீட்டுக்குள் எப்படி நுழைகிறான் என்று காட்டியவர்கள் குறைவு. டாமி மனைவியைப் பிரிந்து, அதே தெருவில் எதிர்வீட்டில் குடியிருக்கிறான். பிள்ளைகளைத் தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கிறான். நிலையத்தில் அவனோடு இருக்கும் லூ, செப்டம்பர் 11 பற்றி யாருக்கும் தெரியாமல் கவிதை எழுதுகிறான். சாப்பாட்டு மேசையில் அத்தனை பேரும் ஓயாமல் பேசுவார்கள், கிண்டல் செய்வார்கள், சண்டை போடுவார்கள். நெஞ்சில் இருப்பது மட்டும் அந்த மேசைக்கு வராது. எங்கள் மெஸ்ஸும் அப்படித்தான் இருந்தது. பங்கு போட்டுச் சமைப்போம், மாப்ள மச்சான் என்று கலாய்ப்போம். காலையில் தூக்கிய உடலைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டோம்.

நிலையத் தலைவர் ஜெர்ரி ரெய்லியின் கதைதான் என்னை அதிகம் பாதித்தது. முரட்டு ஆள், பழைய காலத்து மனுஷன். மனைவிக்கு நினைவு தப்பிப்போகிறது. மகனோடு பிணக்கு. அப்புறம் வேலையும் கையை விட்டுப் போகிறது. நான்காம் பருவத்தில் அவர் தன் உயிரைத் தானே எடுத்துக்கொள்கிறார். கூட இருந்தவர்கள் யாருமே அதை எதிர்பார்க்கவில்லை. நிலைய அலுவலராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தலைவரை யாரும் "எப்படி இருக்கீங்க" என்று கேட்பதில்லை. அவரும் கேட்க விடுவதில்லை.

இந்தத் தொடரில் எனக்குப் பிடிக்காததும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். டாமி எவ்வளவு குடிக்கிறானோ, எவ்வளவு உடைகிறானோ, தீக்குள் அவ்வளவு பெரிய வீரனாக இருக்கிறான். இது தவறான பாடம். ராத்திரி குடித்துவிட்டு வந்தவன் காலையில் ஹோஸைப் பிடித்தால், அவன் பின்னால் நிற்பவன் உயிர் போகும். இறந்துபோன ஜிம்மியின் மனைவியோடு அவன் வைத்துக்கொள்ளும் உறவைத் தொடர் ரொம்பவும் சலுகையோடு பார்க்கிறது. மூன்றாம் பருவத்தில் பிரிந்த மனைவியிடம் அவன் பலவந்தமாக நடந்துகொள்ளும் ஒரு காட்சி வரும். அமெரிக்காவிலேயே அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. என்னோடு பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி அங்கே எழுந்து போய்விட்டாள். பிறகு சொன்னாள்: "அந்தப் பொம்பள கேட்டது ஒண்ணே ஒண்ணுதாங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லுன்னா. அதைச் சொல்ல முடியாதவனுக்கு இதெல்லாம் மட்டும் முடியுதா?" துக்கம் கொடுமைக்குச் சாக்கு ஆகாது. இந்த வேலையில் இருக்கிற ஒவ்வொருவரும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நம் ஊரிலும் அந்தச் சாக்கு புழக்கத்தில் இருக்கிறது.

தொடர் தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்பு, 2004 ஜூலை 16 அன்றுதான் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்த வாரம் தமிழ்நாட்டில் எந்த நிலையத்திலும் ஒருவரும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அடுத்தடுத்த மாதங்களில் பள்ளிக்கூடங்களின் கீற்றுக் கூரைகளைப் பிரித்தார்கள். நல்லது. பிள்ளைகளை வெளியே எடுத்தவர்கள் அன்று ராத்திரி எப்படித் தூங்கினார்கள் என்று கேட்க ஒருவர் இருந்திருந்தால் அதுவும் நல்லதாக இருந்திருக்கும்.

எங்கள் நிலையத்தில் மாற்றம் வந்தது 2020இல். அந்தத் தீபாவளி சமயத்தில் மதுரையில், பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக்கடையில் தீயை அணைக்கும்போது கட்டடம் இடிந்து விழுந்து எங்கள் துறை வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, புரெவி புயல் வந்தது. பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாயிற்று. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போன கதை கேட்டு வளர்ந்த ஊர் இது. டிசம்பரில் புயல் என்றால் இங்கே யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ரம்பம், கயிறு, ரப்பர் படகு, ஜெனரேட்டர் எல்லாம் தயார் செய்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மழை அடித்துக்கொண்டே இருந்தது. புயல் மன்னார் வளைகுடாவில் வந்து நின்று வலுவிழந்தது. நாங்கள் காத்துக்கொண்டே இருந்தோம்.

அப்போது எங்கள் டிரைவர் கேட்டார்: "சார், மதுரையில சுவர் விழுந்தப்போ டிரைவர் வெளியதான சார் நின்னிருப்பான்?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். பம்ப்பை விட்டு நகர முடியாது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும், உள்ளே போனவர்களை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டே நிற்பேன் என்றார். எத்தனையோ வருஷம் ஒரே வண்டியில் போயிருக்கிறோம், அவர் அப்படி எண்ணிக்கொண்டு நிற்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் பேசி முடித்ததும், அமாவாசை அன்று சட்டை துவைத்த பையன் பேசினான். அவனுக்குப் பிறகு நானும் பேசினேன். விடிந்துவிட்டது.

அதன் பிறகு உயிர் போன அழைப்பு எதுவாக இருந்தாலும், திரும்பி வந்து ஹோஸைக் காயப்போட்ட பிறகு எல்லோரும் ஒன்றாக உட்காருவது என்று வைத்துக்கொண்டோம். டீ வரும். பார்த்ததை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், பேச மாட்டேன் என்பவன் சும்மா உட்கார்ந்திருக்கலாம், எழுந்து போகக் கூடாது. யார் தவறு செய்தது என்ற விசாரணை அங்கே கிடையாது, அதற்கு வேறு நேரம், வேறு இடம். அங்கே பேசியதை மெஸ்ஸில் கிண்டலுக்கு எடுக்கக் கூடாது. நிலைய அலுவலரும் தன் பங்கைச் சொல்ல வேண்டும். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று ஒருவன் இரண்டாவது முறை சொன்னால், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனோடு இன்னொருவன் துணைக்குப் போக வேண்டும், தனியாக அனுப்பக் கூடாது. முதலில் பேசுவது எப்போதும் டிரைவர்.